பன்னாட்டுப் பள்ளியில் ஒரு நாள்: பின்சுவரில் கண்ட கேள்விகளை நம் வகுப்பறைக்குக் கொண்டுவர முடியுமா?

தண்டையார்பேட்டை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஒன்றில் 17 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கோடை விடுமுறையில் சிங்கப்பூரிலுள்ள தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அவள் மகள் படிக்கும் பன்னாட்டுப் பள்ளியில் அனுமதி பெற்று, நான்காம் வகுப்பில் ஒரு நாள் முழுவதும் அமர்ந்திருந்தேன். சிங்கப்பூர்க் குடிமக்களின் பிள்ளைகள் கல்வி அமைச்சின் அனுமதியின்றி அத்தகைய பள்ளிகளில் சேர இயலாது என்பதால், அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் வேற்று நாட்டுப் பிள்ளைகள்.

நீச்சல் குளமும் நூலகமும் என்னை வியக்க வைத்தன. ஆனால் ஊர் திரும்பிய பிறகும் மனத்தை விட்டு அகலாதது அந்த வகுப்பறையின் பின்சுவர்தான். நீரைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. முதல் நாளன்று பிள்ளைகள் தம் கையெழுத்தில், எழுத்துப் பிழைகளோடு எழுதிய கேள்விகள் ஐந்தாவது வாரத்திலும் அந்தச் சுவரில் அப்படியே இருந்தன. விடை கண்ட பிள்ளை தானே எழுந்து சென்று, தன் கேள்விக்குக் கீழே அதை எழுதி வைத்தது. கொரியச் சிறுவன் ஒருவன் தன் மொழியிலேயே எழுதியிருந்தான். ஆசிரியை அதை மாற்றி எழுதச் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த சிறுமிதான் பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். என் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் மொழியில் ஒரு சொல்கூட என் கரும்பலகையில் இதுவரை ஏறியதில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

அங்கே 22 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியையும் ஓர் உதவியாளரும் இருந்தனர். என் வகுப்பில் 41 பேருக்கு நான் ஒருத்தி. பணமோ கூடுதல் ஆளோ தேவைப்படாத ஒன்றையாவது ஜூன் மாதத்தில் தொடங்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

வியாசர்பாடியிலிருந்து துபாய்:
வணக்கம் அம்மா. நான் ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலாரியேட்) என்னும் பன்னாட்டுப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளியில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். ஐ.பி. அமைப்பு 1968-இல் ஜெனீவாவில் தோன்றியது. தொடக்கநிலை வகுப்புகளுக்கான திட்டம் 1997-இல்தான் வந்தது. 'நாம் யார்', 'உலகம் எப்படி இயங்குகிறது' என்பன போன்ற ஆறு பெருந்தலைப்புகளின் கீழ் ஆண்டு முழுவதும் பாடம் நகரும் என்பதால், ஒரே கேள்வியோடு பல வாரங்கள் இருக்க எங்களுக்கு முடிகிறது. தாங்கள் கண்ட சுவருக்குப் பின்னால், ஒரு வகுப்பின் ஆசிரியர்கள் வாரந்தோறும் கூடியமர்ந்து, பிள்ளைகளின் கேள்விகளைப் படித்து அடுத்த வாரப் பாடத்தை மாற்றியமைக்கும் நேரமும் இருக்கிறது. ஒரு நாள் பார்வையாளருக்கு அது தென்படாது. அந்த நேரத்தைப் பள்ளி ஒதுக்காவிட்டால் சுவர் வெறும் அலங்காரமாகிவிடும். எனவே, உடன் பணிபுரியும் ஓர் ஆசிரியரோடு வாரம் அரை மணி நேரம் அமர்வதிலிருந்து தொடங்குங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்:
அம்மா, 2003-இல் நம் மாநகராட்சிப் பள்ளிகளில்தான் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-இல் மாநிலமெங்கும் பரவியது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, அவர்களே குறிக்கும் வருகைப் பதிவு, அவர்கள் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப்பந்தல் எல்லாம் நம்மிடம் இருந்தன. நானும் பாயில் அமர்ந்துதான் பாடம் நடத்தினேன். ஆகவே வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியது அதிகமில்லை என்பதே என் எண்ணம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் செய்து படிப்படியாக முன்னேறும் ஏணிப்படி அட்டைகளில் இருந்த கேள்விகள் நாங்கள் எழுதியவை. பிள்ளையின் கேள்வியை அந்தக் கம்பியில் தொங்கவிட வேண்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

எண்ணூர் ஆசிரியர்:
நான் ஒருமுறை செய்து பார்த்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகமெங்கும் படிந்த பிறகு, பள்ளி திறந்த நாளில் பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, கேட்க நினைப்பதை எழுதச் சொன்னேன். "எண்ணெய் ஏன் தண்ணிக்குள்ள போகாம மேலேயே நிக்குது?" என்ற கேள்விக்கு ஒரு கண்ணாடிக் குவளையும் நல்லெண்ணெயும் போதுமாக இருந்தன. மிதத்தல், அடர்த்தி எல்லாம் அதிலேயே வந்துவிட்டன. "எங்கப்பா வலையில எறா திரும்ப எப்ப வரும்?" என்று ஒரு சிறுமி எழுதியிருந்தாள். எனக்கு விடை தெரியவில்லை என்று அவளிடமே சொன்னேன். ஆண்டு முடியும் வரை அந்தத் தாளை நான் எடுக்கவில்லை. அவள் தன் தந்தையிடம் கேட்டு, அன்றன்று கிடைத்ததை அதன் கீழே எழுதி வந்தாள். செலவு என்று பார்த்தால் பசை மட்டும்தான்.

தண்டையார்பேட்டை ஆசிரியை:
மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன கம்பிப்பந்தலின் கொக்கிகள் எங்கள் வகுப்பறையில் இன்னும் இருக்கின்றன. கம்பி வாங்கிக் கட்டினால் போதும். மூன்றாம் வகுப்பு ஆசிரியை வெள்ளிக்கிழமை மாலைகளில் என்னோடு அமரச் சம்மதித்திருக்கிறார். ஒரே ஓர் ஐயம் மட்டும் மிஞ்சுகிறது. தெலுங்கு பேசும் என் பிள்ளைகளுக்கு அம்மொழியில் எழுதத் தெரியாது. வீட்டுச் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுதச் சொல்லலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்:
தாராளமாகச் சொல்லலாம் அம்மா. அந்தச் சொல்லின் பொருளைப் பக்கத்துப் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.