வீட்டிலேயே ஆபீஸ்: செலவை எப்படிக் கணக்கில் காட்டுவது?

வணக்கம். நான் சிவில் இன்ஜினியர். மண்டபம் பக்கம் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து பிளான் போட்டுக் கொடுக்கிறேன். 2025-26 வருமான வரிக் கணக்கில் ஒரு குழப்பம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரவு 28 லட்சம். வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் (இன்ஜினியர் போன்ற தொழில் வல்லுநர்கள் லாபத்தை உத்தேசமாகக் காட்டும் முறை) போனால் வரவில் பாதியை, அதாவது 14 லட்சத்தை, லாபமாகக் காட்டினால் போதும். ஆனால் அப்புறம் தனியாக எந்தச் செலவையும் கழிக்க முடியாது. எனக்கோ உண்மையான செலவே 16 லட்சத்தைத் தொடுகிறது: டிராஃப்ட்ஸ்மேன் இருவர் சம்பளம், சைட்டுக்கு அலைச்சல், புது கம்ப்யூட்டர். பழையதை உப்புக்காற்று தின்றுவிட்டது. இங்கே இரும்பு எதுவும் நிலைக்காது, கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும்!

லாபத்தைப் பாதிக்குக் கீழே காட்டினால் கணக்குப் புத்தகம், ஆடிட் இரண்டும் வேண்டும். அது சரி. என் சந்தேகம் வீட்டுச் செலவில்தான். வீடு அம்மா பெயரில். நாலு அறையில் ஒன்று ஆபீஸ். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லில் கால் பங்கு எழுதலாமா, இல்லை சதுர அடிக் கணக்கா? ஏசி ஓடுவது ஆபீஸ் அறையில் மட்டும்தான்.

அம்மாவுக்கு மாத வாடகை பேங்க்கில் போட்டு, ஒப்பந்தமும் எழுதிக்கொண்டால் செல்லுமா? அது அவர்களுக்கு வருமானமாகிவிடும் என்று தெரியும். இதே நிலையில் ஆடிட் வரை போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ராமநாதபுரத்தில் ஆடிட்டர் ஃபீஸ் சுமாராக எவ்வளவு ஆகிறது?