இணையவழித் தேவார வகுப்பில் சுருதிப் பெட்டியின் ஒலி மறைந்துவிடுகிறது, சேர்ந்து பாடவும் முடியவில்லை: வழி கூறவும்

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் அருகே):
அனைவருக்கும் வணக்கம். நான் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீடாமங்கலம், மன்னார்குடி, வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்த பதினான்கு பேர், எல்லோருமே அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், மயிலாடுதுறையில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஓதுவார் ஒருவரிடம் ஜூம் வழியாகத் தேவாரம் கற்று வருகிறோம். எங்களில் பாதிப் பேர் இன்னும் வயலைப் பார்ப்பவர்கள் என்பதால் வகுப்பை மாலை ஆறரை மணிக்கு வைத்திருக்கிறோம்.

ஆசிரியர் சுருதிப் பெட்டியை அருகில் வைத்துக்கொண்டு பாடுகிறார். அவர் பாடத் தொடங்கும் முன் அந்த ஒலி ஓரிரு நொடிகள் கேட்கிறது, பிறகு கிணற்றுக்குள் போனதுபோல் அமுங்கிவிடுகிறது. அதனால் எங்களுக்குச் சுருதி பிடிபடவில்லை. இரண்டாவது சிக்கல், அவர் ஓர் அடியைப் பாட நாங்கள் கூடவே பாடினால் ஒருவர் குரல் முன்னும் மற்றவர் குரல் பின்னுமாகச் சந்தைக்கடை ஆகிவிடுகிறது. இணைய இணைப்பை வேகமானதாக மாற்றியும் பயனில்லை. இவை தவிர, ஒரு அன்பருக்கு எல்லோருடைய முகமும் தெரிகிறது, ஆனால் ஒலி மட்டும் கேட்பதே இல்லை. விவரம் அறிந்தவர்கள் வழி கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒலிப்பதிவாளர் (தஞ்சாவூர்):
வணக்கம் ஐயா. சுருதிப் பெட்டியில் பழுது ஏதுமில்லை. ஜூம் போன்ற செயலிகள் மனிதப் பேச்சுக்காக அமைக்கப்பட்டவை. மின்விசிறி, மழை, மோட்டார் போல ஏற்ற இறக்கமின்றித் தொடர்ந்து ஒலிப்பது எதுவானாலும் அதை இரைச்சல் என்று கணித்து அவை வடிகட்டிவிடும். ஏற்ற இறக்கமின்றித் தொடர்ந்து ஒலிப்பதுதானே சுருதியின் இலக்கணம்! அதனால்தான் முதல் ஓரிரு நொடிகள் கேட்டுவிட்டு, செயலி அதை அடையாளம் கண்டதும் மறைந்துவிடுகிறது.

இதை ஆசிரியரின் கருவியில்தான் சரிசெய்ய வேண்டும், கேட்பவர்கள் தங்கள் கைப்பேசியில் எதை மாற்றினாலும் பலன் இராது. ஜூமின் செட்டிங்ஸில் ஆடியோ பகுதியில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்றொரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்த பிறகு, வகுப்பு நடக்கும்போது திரையில் தோன்றும் 'ஒரிஜினல் சவுண்ட்' பொத்தானையும் இயக்க வேண்டும். இந்த இரண்டாவது படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கைப்பேசிச் செயலியிலும் இந்த வசதி உண்டு, பதிப்புக்குப் பதிப்பு இடம் சற்று மாறலாம். வடிகட்டி நின்றுவிட்டால் மின்விசிறியின் ஓசையும் தெருவில் போகும் டிராக்டரின் ஓசையும் சேர்ந்தே வரும் என்பதால், ஆசிரியர் பாடும் நேரம் மட்டும் விசிறியை நிறுத்திவிட்டு, காதில் இயர்போன் அணிந்துகொள்வது நல்லது.

முகம் தெரிந்து ஒலி கேட்காத அன்பர், வகுப்பில் நுழைந்ததும் 'வைஃபை ஆர் செல்லுலார் டேட்டா' என்று கேட்கும் பெட்டியைத் தொடாமல் விட்டுவிடுகிறார் என்று நினைக்கிறேன். அதைத் தொட்டால்தான் ஒலி இணையும். இது ஒவ்வொரு முறையும் நேராதபடி, ஒலி தானாகவே இணையுமாறு செட்டிங்ஸில் மாற்றிவைக்கலாம்.

வெண்ணாற்றங்கரை:
மிக்க நன்றி. இணைய இணைப்பு தரும் நிறுவனத்தில் கேட்டபோது எங்கள் இணைப்பில்தான் குறை என்று கூறி விலை கூடிய திட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். சேர்ந்து பாடுவதற்கும் ஏதேனும் செட்டிங் உண்டா?

ஒலிப்பதிவாளர் (தஞ்சாவூர்):
அதற்குச் செட்டிங் கிடையாது ஐயா, விலை கூடிய திட்டமும் உதவாது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. கோயில் மண்டபத்தில் முப்பது அடி தள்ளி நிற்பவரின் குரல் நம் காதுக்கு வந்துசேர ஒரு நொடியில் ஏறத்தாழ முப்பத்தேழில் ஒரு பங்கு ஆகும். அந்த அளவு தாமதம் வரை தாளம் குலையாமல் சேர்ந்து பாடிவிடலாம், அதற்கு மேல் போகப் போக ஒருவருக்காக மற்றவர் காத்திருந்து காலம் இழுபடும். ஜூமில் ஒரு குரல் ஒலியாக இருந்து தரவாக மாறி, எங்கோ உள்ள சர்வருக்குப் போய், மீண்டும் ஒலியாகி நம்மை வந்தடைய அதைப்போலப் பல மடங்கு நேரம் எடுக்கும். மயிலாடுதுறைக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையே உள்ள தூரம் குறைவு என்பதால் இதில் சலுகை எதுவும் இல்லை.

ஆகவே ஆசிரியர் மைக் மட்டும் திறந்திருக்க, மற்ற அனைவரும் மைக்கை மூடிவைத்து வீட்டில் வாய்விட்டுச் சேர்ந்து பாடட்டும். ஒவ்வொருவருக்கும் ஆசிரியருடன் தாம் சேர்ந்து பாடுவதாகவே கேட்கும். பிறகு ஒவ்வொருவராக மைக்கைத் திறந்து ஓரடி பாடிக்காட்டித் திருத்தம் பெறலாம். நீங்கள் வகுப்பை நடத்துபவராக இருந்தால், நுழையும்போதே அனைவரின் மைக்கும் மூடியிருக்கும்படி செய்துவிடலாம். யார் பாட வேண்டுமோ அவருக்கு 'ஆஸ்க் டு அன்மியூட்' அனுப்பினால் அவர் திரையில் ஒரு பெட்டி வரும், அதைத் தொட்டாலே போதும்.

தேர்ந்த வாசகன்:
இவ்வளவு சிரமம் எதற்கு? தருமபுரம் ஆதீனத்தின் தேவாரம் இணையதளத்தில் பன்னிரு திருமுறையும் உரையுடன் இருக்கிறது, பல பதிகங்களை ஓதுவார் குரலிலேயே கேட்கலாம். வேண்டியபோது கேட்டுப் பயிலலாமே.

குடந்தை ஆசிரியை (ஓய்வு):
அந்தத் தளம் அருமையானது, நாங்களும் பாடம் பார்க்க அதைத்தான் திறக்கிறோம். ஆனால் பதிவு நம் பிழையைக் கேட்டுத் திருத்தாது. ழகரம் சரியாக விழவில்லை என்று சொல்ல எதிரில் ஒருவர் வேண்டும். அதைவிட, பிள்ளைகள் வெளியூரில் இருக்க மாலையில் பேச ஆளில்லாதவர்கள், பாடம் முடிந்தபின் நடக்கும் பேச்சுக்காகவே வருகிறார்கள். எங்கள் திருப்புகழ்க் குழுவில் அந்தப் பேச்சைத் தனியாகப் பிரித்துவைத்த பிறகுதான் வருகை நிலைத்தது.

ஐயா, ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் தானே அறுந்துவிடும். வயதானவர்கள் அதைத் தங்கள் கைப்பேசியின் கோளாறு என்று எண்ணிக் கலங்கிப்போகிறார்கள். எனவே முப்பத்தைந்தாவது நிமிடத்தில் நாங்களே பாடத்தை முடித்துக்கொள்கிறோம். காபி குடித்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் வீடியோ அழைப்பு விடுக்கிறோம். அதில் 32 பேர் வரை சேரலாம். லிங்க் தேட வேண்டியதில்லை, மணி அடித்ததும் எடுத்தால் போதும். சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருக்கும் ஓர் அம்மா, அங்கு இரவு ஒன்பதரை ஆனாலும் இந்தப் பகுதியைத் தவறவிடுவதில்லை. மருமகள் சமையல் முதல் மேட்டூர் நீர்மட்டம் வரை எல்லாம் அதில் உண்டு!

ஜூம் லிங்கைத் தினமும் புதிதாக அனுப்பாதீர்கள். திரும்பத் திரும்ப நடக்கும் கூட்டமாக ஒரே லிங்கை அமைத்து, வாட்ஸ்அப் குழுவின் விவரப் பகுதியில் எழுதிவையுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது புதைந்துபோகாது. கணவரும் மனைவியும் ஒரே கூடத்தில் இரண்டு கைப்பேசிகளுடன் அமர்ந்தால் எதிரொலி கூவும், ஒரே கைப்பேசியில் அமரச் சொல்லுங்கள்.

வங்கி ஓய்வூதியர் (திருவாரூர்):
ஒரு முன்னெச்சரிக்கை. "ஜூம் வேலை செய்யவில்லையா, நான் சரிசெய்து தருகிறேன்" என்று அறிமுகமில்லாதவர் அழைத்து, திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலி எதையாவது நிறுவச் சொன்னால் உடனே துண்டித்துவிடுங்கள். அந்தச் செயலி வழியே ஓடிபியும் வங்கிக் கணக்கும் அவர்கள் கண்ணில் பட்டுவிடும். பணம் போய்விட்டால் தயங்காமல் இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. வகுப்பு லிங்கை உறவினர் குழுக்களில் பகிர வேண்டாம், காத்திருப்பு அறையை இயக்கிவைத்து, பெயரைப் பார்த்து உள்ளே விடுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
அனைவருக்கும் நன்றி. இன்று ஆசிரியரின் பேரன் ஒரிஜினல் சவுண்டை இயக்கிக் கொடுத்தார். சுருதி வகுப்பு முடியும் வரை தெளிவாகக் கேட்டது. ஒலி கேட்காத அன்பரின் குறையும் அந்தப் பெட்டியைத் தொட்டதும் தீர்ந்தது. பாடத்தின் நடுவே மகனிடமிருந்து அழைப்பு வந்தால் ஜூம் ஒலி நின்றுவிடுவதற்கு மட்டும் வழி தேவை.

குடந்தை ஆசிரியை (ஓய்வு):
'டு நாட் டிஸ்டர்ப்' வைக்கலாம். ஆனால் தனியே வசிப்பவர்கள் அழைப்புகளை முழுதாக அடைக்க வேண்டாம், மகன், மகள், பக்கத்து வீட்டார் எண்களுக்கு விலக்கு கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளிடம் ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் இடையே அவசரம் என்றால் மட்டும் அழைக்குமாறு சொல்லிவைப்பது அதைவிட எளிது.