பிரிட்டன் ஊர்களின் சிலைகள்: யோசனை வேண்டும்

வணக்கம். லண்டனிலிருந்து எழுதுகிறேன். ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு, இங்குள்ள சிறு ஊர்கள் தங்கள் ஊர்க்காரர்களுக்கு வைத்த சிலைகளைப் பற்றி ஒரு பள்ளி வேலை. ராஜா, தளபதி எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

லைம் ரீஜிஸில் மேரி ஆனிங் சிலையைப் பார்த்துவிட்டோம். 1799-இல் பிறந்த ஏழைத் தச்சர் மகள். கடலோரப் பாறைச் சரிவில் புதைபடிவங்களைத் தோண்டி விற்றுப் பிழைத்தவர். 1823-இல் பிளீசியோசார் என்ற, அழிந்துபோன நீள்கழுத்துக் கடல் ஊர்வனத்தின் முழு எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். ஆனால் அன்றைய நிலவியல் (பாறை, புதைபடிவ ஆய்வு) அறிஞர்களின் சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை. உள்ளூர்ச் சிறுமி ஒருத்தி தொடங்கிய இயக்கத்தால் அவர் பிறந்த நாளான மே 21 அன்று, 2022-இல் வெண்கலச் சிலை வந்தது. கூடவே அவருடைய நாய் டிரேயும் நிற்கிறது! 1833 மண்சரிவில் செத்துப்போன நாய் அது. மகள் மேரியைவிட டிரேயைத்தான் அதிகம் படம் எடுத்தாள். (அந்த ஊருக்கு ரயில் கிடையாது. ஆக்ஸ்மின்ஸ்டரில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.)

அடுத்து மோர்கம்பில் எரிக் மோர்கம்ப், லெஸ்டரில் ஆலிஸ் ஹாக்கின்ஸ் என்று யோசித்திருக்கிறோம். எரிக், தன் ஊர்ப் பெயரையே மேடைப் பெயராக வைத்துக்கொண்ட நகைச்சுவை நடிகர். ஆலிஸ், வாக்குரிமைக்காகச் சிறை சென்ற காலணித் தொழிலாளி.

நீங்கள் வசிக்கும் ஊரில் இப்படி ஏதாவது உண்டா? பெண்களின் சிலை என்றால் இன்னும் நல்லது. லண்டனிலிருந்து ரயிலில் ஒரே நாளில் போய்வரக்கூடிய இடமாக இருக்கட்டும். சிலை சரியாக எங்கே நிற்கிறது என்றும் சொல்லுங்கள். போன முறை மழையில் நிறையத் தேடி அலைந்தோம்.