சிங்கம் ஏன் புல் தின்னாது?

கேள்வி: மகளுக்கு நான்கு வயது. மாடு புல் தின்னும், சிங்கம் இறைச்சி தின்னும் என்று படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன், ஒப்பிக்கிறாள். நேற்று, "சிங்கமும் புல் தின்னலாமே, பாவம் மான்!" என்று அழுதுவிட்டாள். எப்படிப் புரியவைப்பது?

பதில் 1: பல்லிலிருந்து தொடங்குங்கள். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது. நாக்கால் புல்லைச் சுற்றிப் பிடுங்கும், அப்புறம் அசைபோடும். சிங்கத்தின் கடைவாய்ப் பல் கத்தரிக்கோல் மாதிரி வெட்டும், அரைக்காது. இதைச் சொன்னதும் என் மகன் தன் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான்.

பதில் 2: மாட்டின் இரைப்பையில் 4 அறைகள் இருப்பதையும் சொல்லுங்கள். மானுக்காக அழுதால் தடுக்காதீர்கள், நல்ல மனசு அது.

கேட்டவர்: சரி, கண்ணாடி முன் உட்கார்ந்தோம். "எனக்கு ரெண்டு மாதிரிப் பல்லும் இருக்கு!" என்கிறாள்.