மறு: மறு: நகர்ப்புற வெப்பத் தீவு - தீவா, திட்டா, துருத்தியா?

அன்புள்ள குழுவினருக்கு,

சுற்றியுள்ள வெளியூரைவிட நகரம் சூடாகக் கிடப்பதை ஆங்கிலத்தில் ‘urban heat island’ என்கிறார்கள். நான் கேட்டது அதற்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல், எட்டாம் வகுப்புக் கண்காட்சிப் பலகைக்கு. நாளை மாலை 4 மணிக்கு அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். இதுவரை 32 மடல்கள்.

> ‘தீவு’ வடசொல். ‘துருத்தி’ இருக்கக் கடன் எதற்கு?

ஐயா, துருத்தி அழகுதான். ஆற்றிடைக்குறைக்கும் (ஆற்று நடுவே எழும் மேட்டுக்கும்) அதே பெயர், கொல்லன் உலையை ஊதுவதற்கும் அதே பெயர் என்று திருப்பூந்துருத்தி வரை கூட்டிப்போனீர்கள், நானும் வாய்பிளந்துகொண்டு வந்தேன். ஆனால் ‘நகர்த் துருத்தி’ என்று எழுதினால், “எது மிஸ் துருத்திக்கிட்டு நிக்குது?” என்று வியாசர்பாடிப் பிள்ளைகள் என்னைத்தான் கேட்பார்கள்.

> நிலம் இயல்பு திரிந்தால் பாலை. ‘நகர்ப்பாலை’ என்போமே.

இதில் ஒரு நாள் முழுக்க மயங்கிக் கிடந்தேன். மரத்தை வெட்டி, ஏரியைத் தூர்த்து, பள்ளிக்கரணைச் சதுப்பைக் குறுக்கி நாமே திரித்த நிலம் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. ஆனால் தொல்காப்பியம் பாலைக்குத் தரும் பொழுது நண்பகல். இந்தச் சங்கதி தெரிவதோ ராத்திரியில். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட்டும் தாரும் இருட்டிய பிறகுதான் அதைக் கக்குகின்றன, ஏசி வேறு அறைச் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது, நெருக்கிக் கட்டிய சந்துக்குள் கடற்காற்றும் நுழையாது. லண்டனில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அளந்து பார்த்த வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்டுக்கும், நகரம் வெளியூரைவிடச் சூடு என்பது இரவில்தான் பளிச்சென்று தெரிந்தது. ஆக, பாலைக்கு இலக்கணமே இடம் கொடுக்கவில்லை.

> தீவிலேயே ‘தீ’ இருக்கிறதே, போதாதா?

இதற்குப் பதில் எழுதுவதாக இல்லை.

என் ஓட்டு ‘வெக்கைத் திட்டு’. கொள்ளிடக்கரைக்காரர்களுக்குத் திட்டு என்றால் தண்ணீர் சூழ்ந்த மேடு; சுற்றிலும் குளிர்ச்சி, நடுவில் சூடு என்பது அதில் சரியாக உட்காருகிறது. வசவு என்று பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும், மனசில் நிற்குமே. வெக்கை பேச்சுவழக்கு, கலைச்சொல்லுக்கு ஆகாது என்று குழுவிலுள்ள அம்மா ஒருவர் கண்டித்துவிட்டார். மே மாதம் கரண்ட் போன இரவில் அவர் வாயில் வரும் சொல் எதுவாம்?

சரி, 11 பேர் ‘வெப்பத் தீவு’ பக்கம். செய்தித்தாளில் ஏற்கெனவே வந்துவிட்டதாம், தீவுத்திடலுக்குப் போகும்போது யாரும் வடசொல் பார்ப்பதில்லையாம். பலகையில் அதையே போடுகிறேன். கீழே, சின்ன எழுத்தில், வெக்கைத் திட்டு. அதை எடுக்க மாட்டேன்.

துருத்தி ஐயா, காலையிலிருந்து மூன்று முறை அழைத்திருக்கிறீர்கள். அச்சகம் போய்விட்டு வந்து பேசுகிறேன்.