அடைக்கோழியும் குஞ்சும்: பொரிச்சது எத்தனை, தேறினது எத்தனை?

காங்கேயம் பக்கம், தோட்டத்து வீடு:

பொரிச்ச குஞ்சை எண்ணிப் பெருமையா சொல்றவங்க நெறையப் பேர் இருக்கறாங்க. அதுல ரெண்டு மாசம் கழிச்சு எத்தனை மேயுதுன்னு கேட்டா பேச்சை மாத்திருவாங்க. என்னைக் கேட்டா கணக்கு அங்கதான் இருக்குதுங்க. அதனால ரெண்டையும் சேர்த்தே சொல்லுங்க.

எங்க வீட்டு நாட்டுக்கோழியில சின்ன உடம்புக்காரி சிறுவிடையும் இருக்கு, பெரிய உடம்புக்காரி பெருவிடையும் இருக்கு. அடைக்கு நான் சிறுவிடையத்தான் தேடுவேன். முட்டை எந்தக் கோழியோடதுங்கறது ரெண்டாவது பேச்சு, படுக்கற கோழி எதுங்கறதுதான் மொதல்ல. அடைக்கு வந்த கோழி, கிட்டப் போனா இறகைச் சிலுப்பிட்டு கொர்ர்னு சத்தம் குடுக்கும், வயித்துக்கடியில கைய விட்டா இறகு உதிர்ந்து வெறுந்தோல் சூடா படும், அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா அன்னைக்கே நல்ல முட்டைய வெச்சிராதீங்க. வீட்டுல கெடக்கற முட்டை ஒண்ணு ரெண்டை வெச்சு, ராத்திரியும் அங்கயே படுக்குதான்னு பாருங்க. பகல்ல படுத்துட்டு இருட்டினதும் மரத்துல ஏறிக்கற கோழி நமக்கு ஆகாது.

கூடையில மணலோ உமியோ போட்டு மேல வைக்கோல், நடுவுல லேசா குழி. அடியில வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டுருவேன். செள்ளுப் பூச்சி ஏறிருச்சுன்னா எவ்வளவு நல்ல கோழியும் இருபது நாள் தாக்குப் பிடிக்காது, பாதியில எந்திரிச்சுப் போயிரும். எங்க அத்தை கூடைக்குள்ள ஒரு இரும்பாணி, ரெண்டு அடுப்புக்கரி, ஒரு வரமொளகாய் போடாம முட்டைய வெக்க விட மாட்டாங்க. இடி இடிச்சா முட்டை கெட்டுருமாம். ஆணிக்கும் இடிக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குத் தெரியாது, ஆனா ஆணி இல்லாத கூடையில குஞ்சு குறைஞ்சா பேச்சு வாங்கறது நான்தான். அதனால போட்டுருவேனுங்க.

முட்டை எத்தனை வெக்கலாம்? சிறுவிடைக்கு பத்து, பன்னெண்டு. கோழி உக்காந்ததும் ரெக்கைக்கு வெளிய ஒரு முட்டை தெரிஞ்சாலும் அதிகம்தான். அந்த ஒண்ணுதான் கெடும்னு நெனைக்காதீங்க. கோழி மூக்கால முட்டைய உருட்டி இடம் மாத்திக்கிட்டே இருக்கும். இன்னைக்கு வெளிய இருக்கறது நாளைக்கு உள்ள போகும், வேற ஒண்ணு வெளிய வரும். ஆக மொத்தத்துல எல்லா முட்டையும் முறை வெச்சுக் குளிர் வாங்கும்.

ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சை முட்டையோட அகலமான பக்கம் வெச்சுப் பாத்தா, கரு பிடிச்ச முட்டையில ரத்த நரம்பு சிலந்தி மாதிரி கால் விரிச்சிருக்கும். ஒண்ணுமே தெரியாம வெளிச்சம் போறதை எடுத்துருங்க. விட்டு வெச்சா அழுகி வெடிச்சு மத்த முட்டையெல்லாம் நாறிரும்.

இனிமேதான் விசயம். கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமாங்கறாங்க. பெருவிடை மிதிச்சாச் சாகும். ஒரு தடவை எங்க பெரிய கோழி ஒண்ணு, பொரிக்கற அன்னைக்குக் கீரிப்பிள்ளை சத்தம் கேட்டு எந்திரிச்சுக் கூடைக்குள்ளயே சுத்துச்சு. ஈரம் காயாத குஞ்சு ரெண்டு அதோட காலடியில நசுங்கிருச்சு, ஓடு கீறின முட்டை ஒண்ணும் உள்ள அமுங்கிருச்சு. அது நல்ல தாய்தான். அதே கோழி பின்னாடி நாயவே வெரட்டி வெரட்டிக் கொத்துச்சு. எடை அப்படி. அதுல இருந்து பெருவிடை முட்டைய சிறுவிடைக்குக் கீழதான் வெக்கறது.

சாத்தூர் பக்கம்:

அக்கா சொல்றது சரி, ஆனா எங்க ஊர்ல கோழி மிதிச்சுப் போறதைவிட வானத்துல இருந்து வர்றது அதிகம். வல்லூறுதான் மோசம். பருந்து மேல வட்டம் போடும்போதே தாய்க்கோழி கண்டுக்கிடும், ஒரு மாதிரி இழுத்துக் கத்தும், குஞ்சு எல்லாம் கெடச்ச செடிக்கு அடியில ஒட்டிக்கிடும். வல்லூறு வட்டமெல்லாம் போடாது. வேலி ஓரமா தாழப் பறந்து வந்து தூக்கிக்கிட்டுப் போயிரும். காக்காவும் லேசுப்பட்டது இல்ல. ஒண்ணு தாய்க்கோழிக்கு முன்னால போயி வம்பு இழுக்கும், அது வெரட்டப் போன நேரம் இன்னொண்ணு பின்னால வந்து தூக்கிரும்.

குஞ்சுக்கு ரோஸ் சாயம் பூசி விடுறது எங்க பக்கம் பழக்கம். நிறம் புதுசா இருந்தா பறவை மெரளும்னு சொல்லுவாங்க. கொஞ்ச நாளைக்குக் கேக்குது, அப்புறம் பழகிருது. நம்பிக்கையா சொல்லணும்னா பஞ்சாரம்தான், கோழியக் கவுத்து வைக்கிற இடுக்கு விட்ட கூடை. முதல் மூணு வாரம் காலையில வெயில் ஏறினதும் தாயை பஞ்சாரத்துக்குள்ள கவுத்திருங்க, குஞ்சு இடுக்கு வழியா வந்து போகும். தாய் நகராததால குஞ்சும் தூரம் போகாது. சாயங்காலம் ஒரு மணி நேரம் நாம கூட இருந்து மேய விட்டாப் போதும்.

தீனிக்கு குருணையும் கம்பும் போடுறோம். அதோட கரையான். பழைய மண்பானைக்குள்ள சாணி, ஓலை, கிழிஞ்ச சாக்கு எல்லாம் திணிச்சு, தண்ணி தெளிச்சு, சாயங்காலமா கரையான் நடமாட்டம் இருக்கிற இடத்துல கவுத்து வச்சா, விடியும்போது பானை நெறைய இருக்கும். தாய் ஒண்ணை அலகுல எடுத்து எடுத்துக் கீழ போட்டு 'டுக் டுக்'னு கூப்பிடும் பாருங்க, தான் திங்கவே திங்காது.

தண்ணிச் சட்டியில கூழாங்கல்லு போட மறந்துராதீங்க. வல்லூறுக்குத் தப்பின குஞ்சு ஒரு சாண் சட்டியில முங்கிச் செத்துக் கெடக்கும்.

நாமக்கல் பக்கம், பொரிப்பான் வச்சிருக்கிறவர்:

ரெண்டு பேரும் கோழியப் பத்தியே பேசுறீங்க. ஒரு நாட்டுக்கோழி பத்து, பதினஞ்சு முட்டை விட்டதும் அடைக்கு வந்துரும். அடை 21 நாள், அதுக்குப் பிறகு குஞ்சோட ரெண்டு மாசம், ரெண்டரை மாசம். அவ்வளவு நாளும் அது முட்டை விடாது. முட்டைக்காக வளர்க்கிறவருக்கு அது நட்டம். நான் முட்டைய மெஷின்ல வச்சுருவேன். 37.5 டிகிரி, 18-ஆம் நாளோட திருப்புறதை நிறுத்திடணும், கடைசி மூணு நாள் ஈரப்பதத்தைக் கூட்டணும்.

அடையைத் தெளிய வைக்கிறதுக்கு அவங்கவங்க ஒண்ணு செய்றாங்க. வாளித் தண்ணியில முக்குறது, அதோட இறகையே மூக்குத் துவாரத்துல குத்தி விடுறது. இறகு குத்துறது எனக்குப் பிடிக்காது, சும்மா வதைக்கிறது அது. அடியில கம்பிவலை போட்ட கூண்டை தரைக்கு மேல தூக்கி வச்சு, வைக்கோல் எதுவும் போடாம, தீனி தண்ணி மட்டும் குடுத்து விடுங்க. வயித்துல காத்துப் பட்டு சூடு குறைஞ்சா நாலஞ்சு நாள்ல தெளிஞ்சுரும்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன். மெஷின் பொரிக்கும், வளர்க்காது. முதல் வாரம் 35 டிகிரி கிட்டச் சூடு வேணும். பல்பு போட்டு வச்சிருக்கையில ராத்திரி கரண்ட் போச்சுன்னா குஞ்செல்லாம் ஒரு மூலையில ஏறி மிதிச்சு, அடியில இருக்கிறது மூச்சு முட்டிச் செத்துரும். அதனால அடையில இருக்கிற கோழி ஒண்ணு ரெண்டைக் கலைக்காம வச்சிருந்து, அது குஞ்சு பொரிக்கிற அன்னைக்கே மெஷின் குஞ்சையும் நல்லா இருட்டினப்புறம் ஒண்ணொண்ணா அடியில சொருகி விட்டுருவேன். விடிஞ்சதும் எல்லாம் தன்னோடதுன்னு கூட்டிக்கிட்டுப் போயிரும். ரெண்டு மூணு நாள் தள்ளிப் போச்சுன்னா கஷ்டம், புதுசு எதுன்னு கண்டுபிடிச்சு மண்டையில கொத்தும்.

சென்னை, மொட்டை மாடி:

நாமக்கல் அண்ணன் சொன்ன மாதிரி நாங்களும் செஞ்சோம், ஆனா கலர் குஞ்சை வச்சு! பையன் தெருவுல வண்டிக்காரர்கிட்ட பச்சையும் நீலமுமா நாலு வாங்கிட்டு வந்துட்டான். முட்டைக்கோழி இனத்துல சேவல் குஞ்சு பண்ணைக்குத் தேவையில்லன்னு கழிச்சு விடுறதைத்தான் சாயம் போட்டு விக்கிறாங்களாம். ஊர்ல இருந்து கொண்டு வந்த கோழி அப்போ அடையில இருந்துது. ராத்திரி அடியில வச்சோம். ரெண்டு குளிர்லயே போயிடுச்சு, மிச்சம் ரெண்டை எடுத்துக்கிச்சு. இப்போ ரெண்டும் வெள்ளைச் சேவலாகி விடியறதுக்கு முன்னாடியே கூவுதுங்க. கீழ்வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியல.

திருவாரூர் பக்கம்:

நாங்க வாத்து முட்டைய கோழிக்கு வைக்கிற ஆளுங்க. வாத்துக்கு 28 நாள். கோழியோட கணக்கு 21-ல முடியுதே, எந்திரிச்சுடுமோன்னு எல்லாரும் கேக்குறாங்க. நல்ல அடைக்கோழி எந்திரிக்காது, அடியில முட்டை இருக்கிற வரைக்கும் படுத்திருக்கும். ஆனா இளைச்சுப் போயிடும். அதனால தினம் ஒரு தடவை நாமளே தூக்கி வெளிய விட்டு கம்பும் தண்ணியும் வைக்கணும். கடைசி வாரத்துல வாத்து முட்டை மேல வெதுவெதுன்னு தண்ணி தெளிப்போம்.

பொரிச்சு நாலாவது நாளே கூத்து ஆரம்பிச்சுடும். குஞ்சுங்க வாய்க்காலைப் பார்த்ததும் வரிசையா எறங்கிடும். கோழி கரையில நின்னு றெக்கையை அடிச்சுக்கிட்டு கத்தும், முழங்கால் தண்ணி வரைக்கும் எறங்கிப் பார்த்துட்டுத் திரும்பிடும். எங்க அப்பா ஒவ்வொரு வருஷமும் வேலையை விட்டுட்டு அதை நின்னு வேடிக்கை பார்ப்பார். ஒரு கோழி மட்டும் ரெண்டாவது ஈடுல கரையில படுத்து மண்ணுல குளிக்க ஆரம்பிச்சுடுச்சு. போங்கடா, வரும்போது வாங்கடான்னு!

அக்கா, ஒரு கேள்வி. இப்போ ஒரு கோழி பொரிச்சு அஞ்சு நாள் ஆகுது. பக்கத்துத் தெருவுல வெள்ளைக்கழிச்சல், அதான் கோழிக்கு வர்ற அந்தத் தொத்து நோய், வந்திருக்குன்னு சொல்றாங்க. குஞ்சுக்கு இப்பவே தடுப்பு மருந்து போடலாமா?

காங்கேயம் பக்கம், தோட்டத்து வீடு:

ஏழாம் நாள் போடறதுதான் வழக்கம்ங்க, கண்ணுல ஒரு சொட்டு, மூக்குல ஒரு சொட்டு. கழிச்சல் பக்கத்துலயே வந்துருச்சுங்கறதால டாக்டரைக் கேட்டுட்டே செய்யுங்க. நம்ம அரசு கால்நடை மருந்தகத்துல சனிக்கிழமை கோழிக்குப் போடுவாங்க, காசு இல்ல. போறப்ப உங்க தெருவுல குஞ்சு வெச்சிருக்கறவங்க எல்லாரையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போங்க. மருந்தைக் கரைச்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீர்த்தாகணும், அதுவும் ஐஸ்ல வெச்சிருக்கணும். நாலு குஞ்சுக்காக ஒரு புட்டியை ஒடைக்க அவங்களுக்கு மனசு வராது.

அதுவரைக்கும் அந்தத் தெருக் கோழி உங்க வாசலுக்கு வராமப் பாத்துக்கங்க. அங்க போயிட்டு வந்த செருப்போட கூண்டுப் பக்கம் போகாதீங்க. செத்த கோழிய யாராவது வாய்க்கால்ல வீசினா, சண்டை வந்தாலும் பரவால்ல, ஆழமாக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் பொதைக்கச் சொல்லுங்க. புதுசா சந்தையில கோழி வாங்கற எண்ணம் இருந்தா இந்த மாசம் வேண்டாம். எங்க ஊருக்குள்ள கழிச்சல் வந்தப்பெல்லாம் சந்தைக்கோழி கூடத்தான் வந்திருக்குது.

எட்டாம் வாரம் ரெக்கைக்கு அடியில ஊசி இன்னொண்ணு இருக்கு, அதை விட்டுராதீங்க. தாய் குஞ்சைக் கொத்தித் தள்ளி விடறதும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான். தனியா மேய ஆரம்பிச்சுருச்சுன்னா ராத்திரி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மரத்துல ஏறிக்கும், புடிக்கவே முடியாது. தள்ளி விடறதுக்கு முந்தியே ஒரு சனிக்கிழமை பாத்துப் போட்டுருங்க.