தமிழ்த் தளத்தில் கிளிக் விளம்பரம்: போடலாமா, வேண்டாமா?

மாடித்தோட்டம் கோவை:
மாடித்தோட்டம் பற்றி நான்கு வருடமாக ஒரு தளம் நடத்துகிறேன். தினமும் 600, 700 பேர் வந்து போகிறார்கள். ஹோஸ்டிங், டொமைன் எல்லாம் கைக்காசு. தளத்தில் விளம்பரம் காட்டி நமக்குப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் போட்டால் அந்தச் செலவாவது தேறுமா? போட்டவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

சமையல்கட்டு:
தாராளமாகப் போடுங்கள் தம்பி. என் சமையல் தளம் ஓடுவதே அதில்தான். ஆட்சென்ஸ் 2003-லேயே வந்துவிட்டது, ஆனால் தமிழுக்கு 2018 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த வருடமே விண்ணப்பித்தேன். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரி சரிபார்க்கத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஓரத்தைக் கிழித்துப் பிரித்தால் உள்ளே ஆறு இலக்க எண். தபால்காரர் கேட்டில் செருகிவிட்டுப் போனதை ஏதோ ரசீது என்று நினைத்து மாமியார் அரிசி டப்பா மேல் வைத்துவிட்டார். இரண்டு நாள் தேடினேன். அப்புறம் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். எனக்கு முதல் 100 சேர ஏழு மாதம் ஆயிற்று. இப்போது ஹோஸ்டிங் போக, பால் கணக்குக்கும் ஆகிறது.

பழைய பதிவர்:
அக்கா, தவறாக நினைக்காதீர்கள். நேற்று உங்கள் வத்தக்குழம்பு பக்கத்தைத் திறந்தோம். புளி எவ்வளவு என்ற வரிக்கும் வெந்தயம் எவ்வளவு என்ற வரிக்கும் நடுவே கடன் விளம்பரம். அடுப்பில் தாளிப்பு கருகுகிறது, என் மனைவி ஈரக்கையால் திரையைத் தள்ளுகிறார், விரல் அதில் பட்டு வேறு பக்கம் திறந்துகொள்கிறது. அந்தக் கிளிக்குக்கும் யாரோ பணம் கட்டுகிறார்கள்.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. விளம்பரத்தின் விலையை முடிவு செய்வது விளம்பரதாரர்கள் கேட்கும் ஏலம். கடன், காப்பீடு என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஏலம் ஏறும். மண்புழு உரம் என்று தமிழில் எழுதினால் கேட்க ஆள் குறைவு. இதனாலேயே நன்றாக எழுதிக்கொண்டிருந்த நண்பர்கள் இரண்டு பேர் தங்களுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுக் கிரெடிட் கார்டு பற்றி எழுதப் போனார்கள். இரண்டு தளமும் இன்று இல்லை.

சமையல்கட்டு:
நடுவில் வந்தது என் தவறுதான். விளம்பரம் தானாகவே இடம் பிடிக்கும் வசதியை ஆன் செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கிளிக்குக்குக் காசு என்பதே ஆட்சென்ஸில் பழைய கதை. 2024 தொடக்கத்திலிருந்து விளம்பரம் திரையில் காட்டப்பட்டதற்குத்தான் கணக்கு. விளம்பரதாரர் தருவதில் ஏறத்தாழ 68 விழுக்காடு நமக்கு. ஆளை ஏமாற்றித் தொட வைக்க வேண்டிய தேவையே இல்லை. அப்புறம், ஏலம் குறைவு என்பதற்காகத் தமிழில் எழுதுகிறவர் கைக்காசு போட்டே சாக வேண்டுமா? ஒன்பது வருடமாக அளந்து, கிளறி, படம் எடுத்துப் போடுகிறேன். அதற்கு ஒரு கூலி வந்தால் என்ன குற்றம்?

சென்னிமலை போர்வை:
பணம் கட்டுகிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. தீபாவளிக்கு முன் ஒரு விளம்பர நிறுவனத்தில் நாளொன்றுக்கு 400 ரூபாய் என்று வைத்தேன். கிளிக்குக்கு 4 ரூபாய். காலை பத்து மணிக்குள் 100 கிளிக்கும் தீர்ந்தது, போன் ஒன்றுகூட வரவில்லை. எங்கே காட்டினார்கள் என்று பட்டியலைப் பார்த்தால் பாதிக்கு மேல் குழந்தைகள் விளையாடும் ஆப். ஒரு போர்வை விற்றால் எனக்கு நிற்பது 60 ரூபாய். படித்துவிட்டு, வேண்டும் என்று தொடுகிறவருக்கு 20 ரூபாய்கூடத் தருவேன். கை தவறிப் பட்டதற்கு ஏன் தர வேண்டும்?

பழைய பதிவர்:
இதைத்தான் சொல்கிறேன். 2011-ல் என் கணக்கு போனதும் இப்படித்தான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அறை நண்பர்கள் மூன்று பேர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து ராத்திரி முழுக்க என் தளத்து விளம்பரங்களைத் தட்டியிருக்கிறார்கள். 92 டாலர் வந்திருந்தது. போலிக் கிளிக் என்று கணக்கை மூடிவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு ஒரே வரியில் பதில். மாடித்தோட்டம் தம்பி, போடுவதாக இருந்தால் முதலில் வீட்டில் எல்லோரிடமும் தொடாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். நீங்களும் தொடாதீர்கள்.

மாடித்தோட்டம் கோவை:
சரி, கட்டுரை முடிந்த பிறகு கீழே ஒன்று மட்டும் போட்டுப் பார்க்கிறேன். விதைப்பு அட்டவணை, உரம் கலக்கும் அளவு இருக்கும் பக்கங்களில் எதுவும் கிடையாது. அங்கே வருகிறவர்கள் கையில் மண்ணோடு நிற்பார்கள். போர்வை அண்ணா, குழந்தைகள் ஆப்களை எப்படி நீக்கினீர்கள்?

சென்னிமலை போர்வை:
பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் செய்து விலக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. உங்கள் தளம் தயாரானதும் முகவரி கொடுங்கள், அங்கே மட்டும் காட்டச் சொல்லிப் பார்க்கிறேன்.

சமையல்கட்டு:
வத்தக்குழம்பு பக்கத்தில் நடுவே வருவதை நிறுத்திவிட்டேன். பதிவர் ஐயா, வீட்டில் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.